பச்சைப் புள்ளி பாலைச் சொல்லாது

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் இணைப்பில் சீஸ் தோசை செய்முறை போட்டிருந்தீர்கள், கூடவே 'குழந்தைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள்' என்று ஒரு வரி. என் மகனுக்கு அதைக் கொடுக்க முடியாது. 6 வயது, பால் ஒவ்வாமை. சீஸ் ஒட்டின கரண்டி அவன் தட்டில் பட்டால்கூட உதடு வீங்கிவிடும்.

இரண்டு மாதம் முன்பு என் மாமியார் அவனுக்கு ஒரு பாக்கெட் தக்காளி சிப்ஸ் வாங்கி வந்தார். பேரன் விஷயத்தில் என்னைவிட அவர்தான் உஷார். பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து, கடைக்காரரிடமும் கேட்டுத்தான் வாங்கியிருக்கிறார். முன்பக்கம் தக்காளிப் படம், பெயர் தமிழிலேயே கொட்டை எழுத்தில். நாலைந்து சிப்ஸ்தான் தின்றிருப்பான், கழுத்தைச் சொறிய ஆரம்பித்தான், அப்புறம் வாந்தி, மூச்சு இழுப்பு, ஆட்டோ, ஆஸ்பத்திரி, ஊசி. ராத்திரி வீட்டுக்கு வந்து பாக்கெட்டைத் திருப்பி டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், ஒட்டின மடிப்புக்குப் பக்கத்தில் பொடி ஆங்கிலத்தில் சீஸ் பவுடர், வே பவுடர் (பால் திரியும்போது பிரியும் தண்ணீரைக் காய்ச்சிய பொடி), கடைசியில் 'பால் உள்ளது' என்ற எச்சரிக்கை. கம்பெனி எழுதாமல் விடவில்லை. படிக்க வேண்டியவருக்கு ஆங்கிலம் தெரியாது, அவ்வளவுதான். மாமியார் இன்னும் அதைச் சொல்லி அழுகிறார்.

பால், முட்டை, மீன், இறால் நண்டு, நிலக்கடலை, முந்திரி பாதாம் வகை, சோயா, கோதுமை போன்ற குளூட்டன் தானியங்கள் இதெல்லாம் சேர்ந்திருந்தால் லேபிளில் தனியாகச் சொல்ல வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதி இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும். தமிழில் கூடுதலாகப் போடலாம், தடையில்லை, கட்டாயமும் இல்லை. விற்பதற்குத் தமிழ் வேண்டும், எச்சரிக்க வேண்டாமா? பச்சைப் புள்ளியோ சைவம் என்பதை மட்டும்தான் சொல்லும். பாலும் சைவம்தானே! நம் வீடுகளில் பலரும் அதைப் பார்த்ததும் 'ஒண்ணும் பயமில்லை' என்று நினைத்துவிடுகிறார்கள்.

சூப்பர் மார்க்கெட்டில் இன்னொரு கூத்து. "பால் சேராதா, இந்த லாக்டோஸ் இல்லாத சீஸ் வாங்குங்க மேடம்" என்று ஒரு தம்பி அன்பாக எடுத்துக் கொடுத்தார். லாக்டோஸ் என்பது பாலில் உள்ள சர்க்கரை, அது செரிக்காதவர்களுக்கு வயிறு உப்பும், பேதியாகும். என் பையனுக்கு ஆகாதது பாலில் உள்ள புரதம். சீஸில் இருக்கும் புரதம் பெரும்பாலும் கேசின் என்ற பால் புரதம்தான், லாக்டோஸை எடுத்தாலும் அது அப்படியே இருக்கும். ஆட்டுப்பால் சீஸிலும் கிட்டத்தட்ட அதே புரதம்தான். 'நல்லா வெந்துட்டா ஒண்ணும் ஆகாது' என்பார்கள், கேசின் சூட்டுக்கு லேசில் மசியாது.

வெளியில் சாப்பிடுவது தனிக் கதை. மெனுவில் ஒவ்வாமை விவரம் தர வேண்டும் என்ற விதி, மத்திய உரிமம் உள்ள உணவகங்களுக்கும் 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருப்பவர்களுக்கும்தான். ஆனால் எங்கள் தெருமுனைத் தள்ளுவண்டிக்காரர், நான் கேட்ட உடனே, "அக்கா, தம்பிக்கு இந்தக் கல்லுல வேணாம், சாயங்காலத்துலேர்ந்து சீஸ் தோசைதான் ஓடுது" என்றார். எந்த விதியும் அவரை அப்படிச் சொல்ல வைக்கவில்லை.

முன்பக்கத்தில் தமிழில் பெயர் போடும் கம்பெனிகள் பின்பக்கத்தில் 'பால் உள்ளது' என்று இரண்டு வார்த்தையைக் கண்ணில் படும் அளவில் தமிழில் போட வேண்டும் என்று கட்டாயமாக்கச் சொல்லி எழுதுங்கள். அப்படியே உங்கள் செய்முறைகளின் கீழேயும் பால், கடலை, முட்டை என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மாமியார் உங்கள் பத்திரிகையை எழுத்துக்கூட்டி முழுசாகப் படிப்பார்.

இப்படிக்கு,
ஒரு தாய், மதுரை