வெயில் கொன்றுவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், "செட்டிநாட்டுக் கத்திரி வெயிலில் எந்தப் பூஞ்சையும் தப்பாது" என்று ஒரு வரி. அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

என் அண்ணன் சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்; அதற்கான மருந்துகளால் எதிர்ப்புச்சக்தி குறைந்தவர். மூன்று வருடத்துக்கு முன் ஒரு சித்திரையில், முன்னோரைக் கும்பிடும் படைப்புக்காகப் பூர்வீக வீட்டைத் திறந்தோம். உள்முற்றமான வளவு முழுக்கப் புறா எச்சம். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் பூவே தெரியவில்லை. விளக்குமாறு பட்டதும் வெள்ளைப் புழுதியாகக் கிளம்பியது. அண்ணமிண்டி (அண்ணன் மனைவி) வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்ணனே பெருக்கினார். சில வாரத்தில் தலைவலி. "வெயில்தான், மோர் குடியுங்கள்" என்று ஒரு மருத்துவர் பதினெட்டு நாள் ஓட்டினார். அப்புறம் வேறு ஊரில் முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்த்தார்கள். கிரிப்டோகாக்கஸ். அந்தப் புழுதியில்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் புறா எச்சத்தில் வளர்கிற பூஞ்சை அது. உயிர் பிழைத்தார். ஒரு கண்ணில் பார்வை போனது போனதுதான்.

உங்களுக்குத் தெரியாததில்லை. பெரும்பாலான பூஞ்சைகளுக்கு நம் உடம்பின் 37 டிகிரி செல்சியஸே தாங்காது. தாங்குகிற சிலதான் உடம்புக்குள் புகுந்து நோய் தருகின்றன. சூடு ஏறினால் புரதங்கள் குலையும்; உடனே எச்எஸ்எஃப்1 என்ற புரதம் போய் மரபணுக்களை முடுக்கிவிட, குலைந்ததைச் சீராக்கும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் உருவாகின்றன. கிரிப்டோகாக்கஸ் இன்னும் ஒன்று செய்கிறது. புரதத் தொழிற்சாலையான ரைபோசோமைக் கட்டுவதற்காக மரபணுக்கள் அனுப்பும் ஆர்என்ஏ செய்திகளைச் சட்டென்று அழித்துவிடுகிறது. வீட்டில் ஒருவருக்கு முடியாமல் போனால் விருந்துச் சமையலை நிறுத்திவிட்டுக் கஞ்சி வைப்போமே, அதுபோல. சூட்டைத் தாங்க உதவும் கால்சினியூரின் என்ற நொதியை எடுத்துவிட்டால் இதே பூஞ்சை 24 டிகிரியில் நன்றாக வளரும், 37-ல் வளராது. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபூமிகேட்டஸ் என்ற இன்னொரு பூஞ்சையோ குப்பைமேட்டுச் சூட்டில் 50 டிகிரியிலும் வளரும். நம் கத்திரி அதற்கு எம்மாத்திரம்?

முப்பது வருடம் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் மனசு கேட்கவில்லை. 2021-இல் கறுப்புப் பூஞ்சையை "பாக்டீரியா" என்று அச்சிட்டீர்கள். எழுதினேன், பதில் இல்லை. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் ஆபத்தான 19 பூஞ்சைகளைப் பட்டியலிட்டது. முதல் வரிசை நான்கில் அண்ணனைப் படுக்கவைத்ததும் ஒன்று. உங்கள் இதழில் ஒரு வரி வரவில்லை. அண்ணன் கதையை எழுதி, தபால்தலை ஒட்டிய உறையோடு அனுப்பினேன். அந்த உறைகூடத் திரும்பவில்லை. ராசிபலனுக்கு மட்டும் எந்த வாரமும் இடம் குறைந்ததில்லை.

சரி, நான் கேட்பது இரண்டே வரி. அந்த வரி தவறு என்று அதே மருத்துவப் பக்கத்தில் போடுங்கள். பூட்டிய வீட்டைத் திறப்பவர்கள் எச்சத்தைத் தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு அள்ள வேண்டும். எதிர்ப்புச்சக்தி குறைந்தவர்கள் அந்த வேலைக்கே போகக்கூடாது என்றும் சேர்த்துப் போடுங்கள். அடுத்த மாதம் எங்கள் பங்காளி வீடு ஒன்றைத் திறக்கப்போகிறார்கள். அவர்களும் உங்கள் இதழைத்தான் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
காரைக்குடி