மண்டபத்திலிருந்து ஜமாலுக்கு

மண்டபம்

அன்புள்ள மாப்பிள்ளை ஜமாலுக்கு,

நலம். பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்குத்தான் ஓய்வு, மைக்செட்காரனுக்கு இல்லை. கீழக்கரையில் ஒரு கல்யாணத்துக்கு பாக்ஸ் கட்டப் போனபோது உம்மாவைப் பார்த்தேன். முட்டிவலி இப்போது தேவலையாம். உனக்கு அனுப்பச் சொல்லி, உனக்குப் பிடித்த அந்த இனிப்பு, தொதல் கொடுத்தார். அது மண்டபத்தைத் தாண்டவில்லை.

சொல்ல வந்தது வேறு. மைக்செட்டுக்குப் புது சவுண்ட் மிக்சர் வாங்கப் பெங்களூருக்குப் போன இடத்தில், அக்கா மகன் என்னை ஒரு சிறிய அரங்குக்கு இழுத்துக்கொண்டு போனான். ஒரே இரவில் ஐந்து குழுக்கள். பாப் பங்க்கும் எமோவும்; ஒன்று துள்ளலான வேக ராக், மற்றது மனவலியைக் கொட்டும் ராக். நீ எழுதிக் கொடுத்த சிடியை வைத்துக்கொண்டு கிரீன் டே, பிளிங்க்-182, மை கெமிக்கல் ரொமான்ஸ் என்று திரிந்தோமே, அந்த வகை இசையை நேரில் கேட்க எனக்கு நாற்பது வயது ஆக வேண்டியிருந்தது. 2025 மார்ச்சில் கிரீன் டே மும்பைக்கே வந்தார்கள். அன்றும் எனக்குக் கோயில் வேலை.

மாலையிலேயே போய்விட்டோம். என் கண் மேடைக்குப் போகவில்லை, மிக்சர் மேசைக்குத்தான் போனது. ஐந்து குழுவுக்கும் ஒரே டிரம்ஸ் செட். ஸ்நேர் என்கிற சின்ன டிரம், சிம்பல் தட்டு, பெடல் மட்டும் அவரவர் கொண்டுவந்திருந்தார்கள். கடைசியில் வாசிக்கும் குழுவுக்கு முதலில் சவுண்ட் செக், முதலில் வாசிக்கும் குழுவுக்குக் கடைசியில். வைத்ததை அசைக்காமல் அப்படியே தொடங்கிவிடலாம் அல்லவா? நம் ஊர் நாடக மேடைகளில் இந்த ஒழுங்கு இருந்திருந்தால் என் தலை பாதியாவது கறுப்பாக இருந்திருக்கும்.

முதல் இரண்டும் பாப் பங்க். ஆளுக்கு அரை மணி நேரம். ஒரு பாட்டு முடிந்த மூச்சிலேயே அடுத்தது. இரண்டாவது குழுவின் பாடகன் மைக்கின் வலைத்தலையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பாடினான். அப்படிப் பொத்தினால் மைக் எல்லாப் பக்கத்துச் சத்தத்தையும் உள்ளே இழுக்கும், பாடகனைப் பார்த்து வைத்த மானிட்டர் ஸ்பீக்கர் கத்தும். கத்தியது. மேசையிலிருந்த பையன் பதறாமல் அந்தக் கீச்சை மட்டும் வெட்டி எடுத்தான். பாடகனைவிட அவனுக்குத்தான் நான் கைதட்டினேன்.

மூன்றாவது குழுவைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும். 1990களில் அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் வளர்ந்த எமோ வகை. இலினாய் மாநிலத்து அமெரிக்கன் ஃபுட்பால் குழுவின் 1999 ஆல்பம் உனக்குப் பிடிக்கும் என்பாயே, அந்த வழி. கிட்டாரைப் பாட்டுக்குப் பாட்டு வேறு சுதியில் கூட்டுகிறார்கள். கிட்டார் வாசித்த பெண் குனிந்து, காலடியில் இருந்த பெட்டியின் சிவப்பு விளக்கு பச்சையாகும்வரை முறுக்காணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினாள். கூட்டம் பொறுமையாக நின்றது. யாரோ விசிலடித்ததற்கு, "இன்னும் ஒரு கம்பிதான்" என்றாள். பிறகு விரலால் மெல்ல மீட்டத் தொடங்கிய பாட்டின் நடுவில் நாலு பேரும் சேர்ந்து அலறியபோது என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. கைவிடப்பட்ட சோகத்தை அத்தனை பேரும் தோளில் கைபோட்டுக்கொண்டு, சிரித்த முகத்தோடு கத்துகிறார்கள். நம் ஊர்க் கிழவிகள் உயிர் உருக ஒப்பாரி வைத்துவிட்டு, திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டு கேலி பேசுவார்களே, எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

நான்காவது குழு நம் காலத்துப் பழைய பாட்டுகளை வாசித்தது. என் தொண்டை போனது அங்கேதான். கடைசிக் குழு பெயர் பெற்றது. ஒரு மணி நேரத்தில் பேச்சு கால்வாசி.

லாஸ் வேகாஸில் 2022இல் நடந்த 'வென் வீ வேர் யங்' விழாவை நீ இன்னும் விட்டுக்கொடுக்க மாட்டாய். ஒரே நாளில் அறுபதுக்கும் மேற்பட்ட குழுக்கள். நீ டிக்கெட் வாங்கிய அக்டோபர் 22ஆம் தேதி பலத்த காற்றால் ரத்தானதற்கு அவர்களைத் திட்டாதே. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் நானும் கம்பத்திலிருந்து குழாய் ஸ்பீக்கரை இறக்கிவிடுவேன். ஆனால் அன்று காற்று அடிக்காமல் இருந்திருந்தாலும் நீ என்ன பார்த்திருப்பாய்? ஒரே நேரத்தில் பல மேடைகள். இங்கே பாதி, அங்கே பாதி என்று ஓடியிருப்பாய். இந்தச் சிறிய அரங்கில் யாரையும் தவறவிட முடியாது. வாசித்து முடித்தவர்கள் ஆம்பிளிஃபயரைத் தாங்களே தூக்கி வைத்துவிட்டு, அடுத்தவர்களைக் கேட்கக் கூட்டத்துக்குள் வந்துவிடுகிறார்கள். நான்காவது குழு வாசித்தபோது அந்தக் கிட்டார்ப் பெண் என் பக்கத்தில் நின்று குதித்துக்கொண்டிருந்தாள். முன்னால் நின்றவனின் முழங்கை பட்டதற்கு, "அங்கிள், பார்த்து" என்று என்னைப் பின்னால் நகர்த்தியதும் அவள்தான். 'அங்கிள்' மட்டும் கொஞ்சம் வலித்தது.

மிக்சர் வாங்கிவிட்டேன்; உச்சிப்புளியில் ஒரு காதுகுத்து விழாவில் அதற்கு வெள்ளோட்டம். நீ விடுமுறையில் வரும்போது, இசைக்கலைஞர்கள் போடும் ரகத்தில் காதடைப்பான் இரண்டு ஜோடி வாங்கி வா. சத்தத்தைக் குறைக்கும், பாட்டைக் கெடுக்காது என்று அந்த மேசைப் பையன் காட்டினான். ஒன்று எனக்கு. இன்னொன்று என் மகனுக்கு. இப்போதெல்லாம் அவன் பாக்ஸ் பக்கத்திலேயே நிற்கிறான். தொதலையும் தின்றுவிட்டு, அந்தப் பணத்தையும் நான் தர மாட்டேன்.

அன்புடன்,
பாஸ்கர்