கட்டளைக்கு முந்தின வசனம்

அன்பு மகனே,

ஆண்டவருடைய கிருபை உன்னோடு இருப்பதாக. உன் கடிதம் வந்தது. "திருடாதே, பொய்ச்சாட்சி சொல்லாதே என்பதெல்லாம் நல்லவை என்று எனக்கே தெரிகிறது. அப்படியிருக்க ‘கடவுள் சொன்னார்’ என்று எதற்காகச் சேர்க்க வேண்டும்? காரணம் புரிந்தால் போதாதா?" என்று கேட்டிருக்கிறாய்.

நீ கேட்டதில் தப்பே இல்லை. பிள்ளை ஒருநாள் இப்படிக் கேட்பான் என்று மோசே எதிர்பார்த்தே இருந்தார். உபாகமம் 6-ம் அதிகாரம் 20-ம் வசனத்தில் பிள்ளையின் கேள்வி இருக்கிறது. அடுத்த வசனத்திலேயே தாய்தகப்பன் சொல்ல வேண்டிய பதிலும் இருக்கிறது. "நாங்கள் எகிப்திலே பார்வோனுக்கு அடிமைகளாயிருந்தோம்" என்று அது தொடங்குகிறது. கட்டளையால் நமக்கு என்ன நன்மை என்பதும் அந்தப் பதிலில் வருகிறது, 24-ம் வசனத்தில். ஆனால் முதலில் வருவது நம்மை மீட்டவர் யார் என்பது. நான் சொல்ல வருவதெல்லாம் இந்த வரிசையில்தான் இருக்கிறது.

அதற்கு முன் ஒரு சொல். நம் பழைய வேதாகமத்தில் ‘கற்பனை’ என்று வாசிக்கிறபோது இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மனதில் தோன்றுகிற எண்ணம்தான் ஞாபகத்துக்கு வரும். பழைய வழக்கில் கற்பனை என்றால் ஏவல், கட்டளை. ‘ஆண்டவர்’ என்கிற சொல்லும் அப்படித்தான். ஜெபத்தில் நாம் பத்துத் தடவை சொல்லிவிடுகிறோம், ஆளுகிறவர் என்ற பொருள் அதற்குள் இருப்பதை மறந்துவிட்டு. "என்னை ஆண்டவரே! ஆண்டவரே! என்று நீங்கள் சொல்லியும், நான் சொல்லுகிறபடி நீங்கள் செய்யாமற்போகிறதென்ன?" என்று லூக்கா 6:46-ல் இயேசு கேட்பது இந்த மறதியைத்தான்.

இப்போது யாத்திராகமம் 20-ஐத் திறந்துகொள். பத்துக் கட்டளைகளை மனப்பாடம் செய்கிற பிள்ளைகள் பெரும்பாலும் 3-ம் வசனத்திலிருந்து தொடங்குகிறார்கள். 2-ம் வசனம் விட்டுப்போகிறது: "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்து தேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே." யூதர்கள் பத்தில் முதலாவதாக எண்ணுவது இந்த வசனத்தைத்தான். (எண்ணும் முறை சபைக்குச் சபை மாறும். கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் விக்கிரகத்தைப் பற்றியதை முதல் கட்டளையோடு சேர்த்துவிட்டு, இச்சையைப் பற்றியதை இரண்டாகப் பிரிக்கிறார்கள். அதனால் ‘ஆறாம் கட்டளை’ என்றால் நமக்குக் கொலை, அவர்களுக்கு விபசாரம். யாரோடாவது பேசும்போது எண்ணைச் சொல்லாதே, கட்டளையையே சொல்.)

அந்த ஒரு வசனத்தில் எத்தனை அடங்கியிருக்கிறது பார். பேசுகிறவர் தம் பெயரைச் சொல்கிறார். தாம் செய்ததைச் சொல்கிறார். ‘உங்கள்’ என்று சொல்லாமல் ‘உன்’ என்கிறார். மலையடியில் ஒரு ஜனமே கூடி நிற்கிறது, பேச்சோ ஒருமையில். பின்னால் வருகிற ‘செய்யாதிருப்பாயாக’ எல்லாம் அதே ஒருமைதான். கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ள யாருக்கும் இடம் இல்லை.

அதிகாரங்களின் வரிசையையும் கவனி. 12-ல் பஸ்கா (எகிப்தைவிட்டுப் புறப்பட்ட இரவின் பண்டிகை), 14-ல் கடல் பிளக்கிறது, 16-ல் மன்னா (வனாந்தரத்தில் தேவன் கொடுத்த அப்பம்). மூன்றாம் மாதத்தில்தான், 19-ம் அதிகாரத்தில், கட்டளைகள் கொடுக்கப்பட்ட சீனாய் மலை. "என் கட்டளைகளைக் கைக்கொண்டால் உங்களை விடுவிப்பேன்" என்று எகிப்தில் யாரிடமும் அவர் சொல்லவில்லை. விடுவித்துவிட்டுத்தான் கட்டளையிட்டார். பழைய ரபீக்கள் (யூத வேத ஆசிரியர்கள்) இதற்கு ஓர் உவமை சொல்வார்கள். ஒரு தேசத்துக்குள் நுழைந்த ராஜாவிடம் ஜனங்கள், "எங்களுக்குச் சட்டம் கொடும்" என்று கேட்டார்களாம். "முதலில் என்னை ராஜாவாக ஏற்றுக்கொள்ளுங்கள். என் ஆளுகையை ஏற்காதவர்கள் என் சட்டத்தை எப்படி ஏற்பார்கள்?" என்றானாம் அவன். சட்டத்தின் வேர் சட்டத்துக்கு வெளியே, ஆளுகிறவரில் இருக்கிறது.

அப்படியானால் காரணமே வேண்டாமா? வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அவரே காரணம் சொல்லியிருக்கிறார். ஓய்வுநாளை எடுத்துக்கொள். யாத்திராகமம் 20:11-ல் காரணம் படைப்பு: ஆறு நாளில் எல்லாவற்றையும் உண்டாக்கி ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார். உபாகமம் 5:14, 15-ல் காரணம் எகிப்து: நீ அடிமையாயிருந்ததை நினை, உன் வேலைக்காரனும் இளைப்பாறட்டும். காரணம் இரண்டு, கட்டளை ஒன்றே. உபாகமத்தில் வருகிற பத்துக் கட்டளைகளில் இந்தக் கட்டளையோடும், தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு என்கிற கட்டளையோடும் மட்டும் ‘உன் தேவனாகிய கர்த்தர் உனக்குக் கட்டளையிட்டபடியே’ என்ற சொற்கள் சேர்ந்து வருகின்றன. காரணம் கட்டளையை விளக்குகிறது. அதைத் தாங்கி நிற்பது சொன்னவரின் வார்த்தை.

காரணத்தின்மேல் மட்டும் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஏதேன் தோட்டமே சாட்சி. ஆதியாகமம் 3:6-ஐ நிதானமாக வாசி. அந்த மரம் புசிப்புக்கு நல்லது, பார்வைக்கு இன்பமானது, புத்தியைத் தெளிவிக்க இச்சிக்கத்தக்கது. காரணம் மூன்று. மூன்றிலும் ஓரளவு உண்மையும் இருக்கிறது. எதிரே நின்றது ஒரே ஒரு வார்த்தை: புசிக்கவேண்டாம். மூன்றும் ஒன்றும் என்று தராசில் வைத்த நிமிஷத்திலேயே ஏவாள் தோற்றாள். கணக்கு தப்பானதால் தோற்கவில்லை. ஆண்டவர் சொன்னதைத் தன் கணக்கில் ஒரு எடைக்கல்லாக வைத்துவிட்டாள், எடை போடுகிறவள் தானே ஆகிவிட்டாள். அறிவுள்ள பிள்ளைகள் விழுவது இங்கேதான். உன்னை நினைத்துத்தான் இதைச் சற்று நீட்டி எழுதுகிறேன்.

லேவியராகமம் 19-ம் அதிகாரத்தை ஒரே மூச்சில் வாசித்துப் பார். ‘நான் கர்த்தர்’, ‘நான் உங்கள் தேவனாகிய கர்த்தர்’ என்ற முத்திரை பதினைந்து வசனங்களில் விழுகிறது. எங்கெங்கே விழுகிறது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். 14-ம் வசனம்: செவிடனை நிந்தியாதே, குருடனுக்கு முன்னே தடுக்கலை வையாதே, உன் தேவனுக்குப் பயந்திரு, நான் கர்த்தர். செவிடன் காதில் நிந்தை விழாது. கல்லை வைத்தவன் யார் என்று குருடனுக்குத் தெரியாது. புகார் கொடுக்க ஆளில்லை, சாட்சி இல்லை, பழிக்குப் பழி என்ற பயமும் இல்லை. சமுதாயம் ஒருவனை நல்லவனாக வைத்திருக்கிற எல்லாக் கயிறும் அறுந்த இடம் அது. அங்கே மிச்சமிருக்கிறது ‘நான் கர்த்தர்’ என்பது மட்டும்தான்.

35, 36-ம் வசனங்களில் தராசும் நிறைகல்லும் மரக்காலும் படியும் வருகின்றன. உபாகமம் 25:13 இன்னும் கிட்டே போய், பைக்குள்ளேயே பார்க்கிறது: பெரிதும் சிறிதுமான நிறைகற்களை வைத்திருக்காதே. வாங்குவதற்குக் கனமான கல், விற்பதற்கு லேசான கல். இரண்டுக்கும் உருவம் ஒன்றுபோல இருந்துவிட்டால் வாங்க வந்தவனுக்கு எப்படித் தெரியும்? தராசு நேராகத்தான் நிற்கும். உன் வேலையில் நிறைகல் இல்லை. ஆனால் செலவுக் கணக்கில் ஒரு ரசீதைக் கூட்டி எழுதுவதும், செய்யாத வேலைக்கு மணிக்கணக்கு காட்டுவதும் அதே இரண்டாவது கல்தான். இன்னொரு பக்கம், பத்தாவது கட்டளையான இச்சியாதே என்பதை எந்த நீதிமன்றம் விசாரிக்க முடியும்? உள்ளத்தைப் பார்க்கிறவர் மட்டுமே இடக்கூடிய கட்டளை அது.

யாக்கோபு 2:10, 11 இந்த விஷயத்தை முடிச்சுப்போட்டுக் காட்டுகிறது. ஒன்றில் தவறினால் எல்லாவற்றிலும் குற்றவாளி என்று வாசிக்கும்போது, இது அநியாயமாயிற்றே என்று தோன்றும். காரணம் அடுத்த வசனத்தில் இருக்கிறது: விபசாரம் செய்யாதே என்று சொன்னவரே கொலை செய்யாதே என்றும் சொன்னார். கட்டளைகள் தனித்தனிக் கண்ணாடிகளாக இருந்தால் ஒன்று உடைந்தாலும் மற்றவை தப்பும். அவை ஒரே வாயிலிருந்து வந்தவை, மகனே. எனக்குப் பிடித்த ஒன்பதைக் கைக்கொண்டு பத்தாவதைத் தள்ளினால், அந்த ஒன்பதிலும் நான் கீழ்ப்படிந்தது என் விருப்பத்துக்குத்தான் என்று ஆகிவிடும்.

நீ தூரத்தில் இருப்பதால் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. 2 நாளாகமம் 24-ல் யோவாஸ் ராஜாவின் சரித்திரம் இருக்கிறது. ஏழு வயதில் சிங்காசனம் ஏறி நாற்பது வருஷம் ஆண்டவன். ஆசாரியனாகிய யோய்தா உயிரோடிருந்த நாளெல்லாம் கர்த்தரின் பார்வைக்குச் செம்மையானதைச் செய்தான், ஆலயத்தைப் பழுதுபார்க்கப் பெட்டி வைத்துப் பணம் சேர்த்தான். யோய்தா 130 வயதில் மரித்தார். பிரபுக்கள் வந்து பணிந்து நின்றார்கள், ராஜா அவர்கள் பேச்சைக் கேட்டான். கடைசியில் அதே யோய்தாவின் மகன் சகரியாவைக் கல்லெறிந்து கொல்லக் கட்டளையிட்டான். இத்தனை வருஷம் அவன் கீழ்ப்படிந்தது யோய்தாவுக்கு. என் முகத்துக்காக நீ நல்லவனாக இருக்க வேண்டாம். என் முகம் உன் அறையில் இல்லை, ஒருநாள் எங்குமே இராது. எபேசியர் 6:1-ல் பெற்றாருக்குக் கீழ்ப்படியச் சொல்லுமிடத்தில்கூட ‘கர்த்தருக்குள்’ என்று எழுதியிருக்கிறது. எனக்குக் கொடுக்கப்பட்ட அதிகாரமும் எல்லையுள்ளது, இரவலாக வந்தது.

அவருடைய அதிகாரத்தின்கீழ் நிற்கிறவனை மற்ற அதிகாரங்கள் எளிதில் வளைக்க முடியாது. எகிப்தின் மருத்துவச்சிகள் சிப்பிராளும் பூவாளும் தேவனுக்குப் பயந்ததினால் ஆண்பிள்ளைகளைக் கொல்லாமல் விட்டார்கள். கட்டளையிட்டவனோ பார்வோன். சபைக்குள்ளும் இந்த விழிப்பு வேண்டும். "தேவன் என்னோடு பேசினார், நீ இதைச் செய்யவேண்டும்" என்று யாராவது சொன்னால், எழுதப்பட்ட வார்த்தையோடு வைத்துப் பார். அடையாளம் பலித்தாலும்கூட வேறு தேவர்களிடம் இழுக்கிறவனுக்குச் செவிகொடாதே என்கிறது உபாகமம் 13. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம் என்கிறது அதே புத்தகத்தின் 4:2. பெற்றோருக்குக் கொடுக்கவேண்டியதை ‘கொர்பான்’, தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லி நிறுத்திக்கொள்ளப் பாரம்பரியம் இடம்கொடுத்தபோது இயேசு எவ்வளவு கடுமையாகப் பேசினார் என்று மாற்கு 7-ல் பார். மனுஷன் கட்டின சட்டத்துக்குத் தேவனுடைய பெயர் சூட்டியிருந்தார்கள்.

செய்யவேண்டியதற்கு வருகிறேன். ஒரு காரியத்தில் தடுமாறும்போது, அதைப் பற்றிய கட்டளையை ஒரே வரியில் ஒரு தாளில் எழுது. அதற்கு மேலே யாத்திராகமம் 20:2-ஐ எழுது. கீழே உன் காரணங்களை எழுது. காரணங்கள் நீண்டுகொண்டே போனால் அந்த மரத்தடியில் நிற்கிறாய் என்று அறிந்துகொள். கட்டளை ஒன்றுமே சொல்லாத காரியமாக இருந்தால், இல்லாத கட்டளையை உண்டாக்காதே. அங்கே விவேகமும் ஆலோசனையும் போதும். கட்டளை தெளிவாக இருந்து காரணம் மட்டும் புரியாவிட்டால், செய்துகொண்டே கேள். கேட்டு முடித்துத்தான் செய்வேன் என்று நிற்காதே. பலனை எதிர்பார்த்துச் செய்கிறோமா என்றும் பார்த்துக்கொள். யோபு சும்மாவா தேவனுக்குப் பயப்படுகிறான் என்பதுதான் சாத்தான் போட்ட கேள்வி. பேரமாகச் செய்த கீழ்ப்படிதல், பலன் தாமதித்த அன்றே நின்றுவிடும்.

தவறிவிட்டால்? லேவியராகமம் 6-ம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனங்களைப் பார். அயலானிடம் வஞ்சித்து எடுத்ததை அங்கே ‘கர்த்தருக்கு விரோதமாக’ என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனாலும் எடுத்ததை முழுவதும், அதோடு ஐந்தில் ஒரு பங்கும் கூட்டி, உடையவன் கையில் கொடுக்கவேண்டும். 100 எடுத்திருந்தால் 120. பலியும் செலுத்தவேண்டும். ஜெபத்தில் அழுதுவிட்டு 100-ஐக் கையில் வைத்துக்கொள்வதும் சரியில்லை, 120-ஐக் கொடுத்துவிட்டு ஆண்டவரிடம் ஒன்றும் பேசாமல் இருப்பதும் சரியில்லை.

அதற்கு அப்புறம் பயந்து ஒளியாதே. நடக்கமுடியாத திமிர்வாதக்காரனைக் கூரைவழியாய் இறக்கினபோது, பாவங்களை மன்னிக்க மனுஷகுமாரனுக்கு ‘அதிகாரம்’ உண்டென்று மாற்கு 2:10-ல் இயேசு தம்மைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். கட்டளையிடுகிற அதே அதிகாரம்தான் அது. ‘செய்யாதே’ என்பதை அவர் வாயிலிருந்து ஏற்றுக்கொள்கிறவன், ‘உன் பாவங்கள் உனக்கு மன்னிக்கப்பட்டது’ என்பதையும் அதே வாயிலிருந்து சந்தேகமில்லாமல் ஏற்றுக்கொள்ளலாம்.

லேவியராகமம் 19-ஐ இந்த வாரமே வாசி. ஒவ்வொரு ‘நான் கர்த்தர்’ பக்கத்திலும் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டே போ. எந்தக் கோட்டருகே மனம் இடறியது என்று எனக்கு எழுது. 19-ம் வசனத்தில் இரண்டு வகை நூல் கலந்த வஸ்திரத்தைப் பற்றி வரும். அதைப் பற்றிக் கட்டாயம் கேட்பாய். பழைய உடன்படிக்கையின் எந்தக் கட்டளை இன்று எப்படிப் பொருந்தும் என்பதற்கு ஒரு முழுக் கடிதம் வேண்டும், அதை அடுத்ததாக எழுதுகிறேன்.

அன்புடன்,
அம்மா