பீடி சுத்துற பெண்கள் சங்கம்: 2025 ஆண்டறிக்கை

அக்கா, மதினி, சித்திமாரு எல்லாருக்கும் வணக்கம். போன வருசம் நான் அறிக்கை வாசிக்கும்போது பின்வரிசைல பாதிபேரு தூங்கிட்டீங்க, அதனால இந்தத் தடவ பேசுற மாதிரியே எழுதிருக்கேன், வாட்ஸப்லயும் போட்டுருதேன்.

மொதல்ல தோத்த கதை. ஜூலைல மருத்துவ முகாம் போட்டோம், டாக்டரம்மா பத்து மணிக்கே வந்துட்டாங்க, நம்மாளு வந்தது மொத்தம் 11 பேரு, அதுலயும் ரெண்டு பேரு கமிட்டி. தப்பு என் மேலதான், சனிக்கிழமைய வச்சுட்டேன், பீடிக் கடையில கூலி போடுற நாள்ல கட்ட எண்ணிக் குடுக்காம எவ ரத்தம் குடுக்க வருவா? அக்டோபர்ல ஞாயித்துக்கிழமை சாயங்காலம், கோயில் திண்ணையிலேயே வச்சோம், 64 பேரு வந்தீங்க, சில பேரு பீடி சுத்துற சொளவையும் தூக்கிட்டே வந்து வரிசைல உக்காந்து சுத்துனீங்க. ரத்தம் கம்மியா இருக்கவங்கதான் நெறைய, கழுத்து வலி இல்லன்னு சொன்னது ஒருத்தர் கூட இல்ல. ரொம்ப நாளா இருமுன மூணு பேர சளி டெஸ்ட்டுக்கு அனுப்புனோம், ஒருத்தருக்கு டிபி. பேரு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். மாத்திரை கவர்மெண்ட்ல இலவசம், சத்துச் சாப்பாட்டுக்கு மாசம் 1,000 ரூபாயும் அக்கவுண்ட்ல வருது, முன்னாடி 500தான், 2024 நவம்பர்லதான் கூட்டுனாங்க. டாக்டரம்மா சொன்ன இன்னொண்ணு, புகையிலைத் தூள்ல உள்ள நஞ்சு மூச்சுல மட்டும் இல்ல, கை தோல் வழியாவும் உள்ள போகுமாம், சோப்பு போடாம பிள்ளைக்கு ஊட்டாதீங்க, தூள் பையத் தொட்டில்கிட்ட வைக்காதீங்க.

அடுத்து பிஎஃப். இந்த வருசம் என் உசுர வாங்குனது இதுதான். சுத்துன கணக்க எழுதுற கடை பாஸ்புக்ல முத்துலெட்சுமி, ஆதார்ல முத்துலட்சுமி, ஒரே ஒரு கொம்பு, அதுக்காக முப்பது வருசம் சுத்துன காசு அங்கயே கெடக்கு! சில பேருக்குப் புருசன் பேரு இருக்க எடத்துல அப்பா பேரு, சில பேருக்குப் பிறந்த தேதியே இல்ல. 38 பேருக்குத் திருத்த ஃபார்ம் எழுதிக் குடுத்தோம், கடையில கையெழுத்து வாங்கவே மூணு நடை, 21 பேருக்குச் சரியாயிருச்சு. பத்து வருசம் பணம் கட்டிருந்தா 58 வயசுல பென்சன் உண்டு, குறைஞ்சது மாசம் 1,000, அது 2014ல வச்ச தொகை, இன்னும் அதே 1,000தான், ஒரு சிலிண்டருக்கே சரியாப் போவும்.

ஆனா பாஸ்புக் இருக்கவ பாடாவது பரவால்ல. அக்கா புக்குல தங்கச்சி சுத்துறது, மாமியா புக்குல மருமவ சுத்துறது, இது நம்ம தெருவுலயே எத்தன வீடு? ஆயிரம் பீடிக்கு 40 கட்டு இவ கட்டுவா, பேரு அவளுக்கு. பேரு இல்லன்னா பிஎஃப் இல்ல, அடையாள அட்டை இல்ல, முக்கூடல் பீடி ஆஸ்பத்திரில காட்ட முடியாது, பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப்பும் எழுத முடியாது. பேரு சேருங்கன்னு கேட்டா கணக்கப்பிள்ளை பிறகு பாப்போம்ங்காரு, பேரு போட்டா மொதலாளி பங்கும் கட்டணும்லா. ஆறு பேருக்குத்தான் புதுப் புக்கு கெடச்சுது. இத நான் சாதனைன்னு சொல்ல மாட்டேன்.

இந்த ஆஸ்பத்திரி, ஸ்காலர்ஷிப்புக்கெல்லாம் 1976ல போட்ட பீடித் தொழிலாளர் நலநிதிக்கு பீடி மேல தனி வரி இருந்துச்சு, 2017ல ஜிஎஸ்டி வந்ததும் அது போச்சு, இப்ப டெல்லி பாத்துக் குடுத்தாத்தான். 2025 செப்டம்பர்ல பீடி இலைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்துல இருந்து 5 ஆச்சு, பீடிக்கும் 28ல இருந்து 18ஆக் கொறைக்க முடிவு எடுத்தாங்க, நம்ம கூலி எத்தன ரூவா ஏறுச்சுன்னு வீட்ல போயி கணக்குப் பாருங்க. நவம்பர்ல நாலு புதுத் தொழிலாளர் சட்டம் அமலுக்கு வந்திருக்கு, 1966 பீடிச் சட்டமும் அதுக்குள்ள போயிருச்சு, நமக்கு என்ன மிஞ்சுதுன்னு ஒரு வக்கீலக் கூப்புட்டு ஒருநாள் கேக்கணும்.

வரவு செலவ பொருளாளர் மதினி வாசிப்பாங்க. சந்தா பாக்கி நெறைய இருக்கு, பேரப் படிக்கல. அடுத்த கூட்டம் ஞாயித்துக்கிழமைதான், சனி இல்ல. பழைய பாஸ்புக் கிழிஞ்சிருந்தாலும், கரையான் அரிச்சிருந்தாலும் கொண்டு வாங்க, ஆதாரையும் மறக்காதீங்க.

செயலாளர்