யோக்யகார்த்தா கல்விச் சுற்றுலா: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களே,

வணக்கம். பள்ளி விடுமுறையில் நம் ஆறாம் ஆண்டு மாணவர்கள் ஜாவா தீவின் யோக்யகார்த்தாவுக்குச் செல்லவிருக்கிறார்கள். அதில் ஒரு முழுநாள் எரிமலை, அரண்மனை, கோயில்கள் என்று கழியும். அந்த நாளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் உங்கள் அச்சம். மெராப்பி இன்றும் குமுறும் எரிமலை. 2010இல் அது வெடித்தபோது 350க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதனால் உச்சியின் பக்கமே போகமாட்டோம். தென்சரிவிலுள்ள கலியுராங் ஊரில் நின்று, மேகம் மூடுவதற்குள் விடியற்காலையிலேயே பார்த்துவிட்டு இறங்கிவிடுவோம். எச்சரிக்கை நிலையை உயர்த்தினால் அதையும் விட்டுவிடுவோம்.

அடுத்து சுல்தானின் அரண்மனை. ஜாவாவை ஆண்ட மாத்தாராம் அரசு 1755 ஒப்பந்தத்தில் இரண்டாகப் பிரிந்தபின் எழுந்தது. வடக்கே மெராப்பி, தெற்கே கடல், நடுவே அரண்மனை என்று நகரையே ஒரு கோட்டில் வகுத்திருக்கிறார்கள். சுல்தான் இன்றும் அங்கேதான் வாழ்கிறார். மாநில ஆளுநரும் அவரே.

பிள்ளைகள் அவசியம் பார்க்கவேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சேர்த்த இடம் சம்பிசாரி. 1966இல் நிலத்தைக் கொத்திய உழவர் ஒருவரின் மண்வெட்டி செதுக்கிய கல்லில் பட்டது. தோண்டிப் பார்த்தால், ஆறரை மீட்டர் ஆழத்தில் ஒரு சிவன் கோயில்! மெராப்பி கக்கிய சாம்பலும் மணலும் மூடிய கோயில். அதைக் கட்டிய கல்லும் எரிமலைக் கல்தான். கோயிலுக்குக் கல்லைத் தந்ததும் எரிமலை, அதைப் புதைத்ததும் எரிமலை என்பது அந்தப் படிகளில் இறங்கும்போது பிள்ளைகளுக்குத் தானாகவே விளங்கும்.

மாலையில் பிரம்பானான் கோயில் வளாகம். அங்குள்ள ஒன்பதாம் நூற்றாண்டுச் சிவன் கோயில் 47 மீட்டர் உயரம். தெற்கு அறையில் நிற்பவர் நம் அகத்தியர்! வலம் வரும்போது சுற்றுச்சுவரில் இராமாயணம் சிற்பங்களாகக் கூடவே வரும். மீதிக்கதை பக்கத்துப் பிரம்மா கோயிலில் தொடரும். ஆகவே ஒரு வேண்டுகோள்: புறப்படுமுன் வீட்டில் இராமாயணக் கதையைச் சொல்லுங்கள். தாத்தா பாட்டி சொன்னால் இன்னும் நல்லது. கதை தெரியாத பிள்ளைக்கு அது வெறும் சுவராகப் போய்விடும்.

கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். விடியலில் மலையில் குளிரும், குளிராடை கொடுத்தனுப்புங்கள். சைவ உணவுக்கு ஏற்பாடு உண்டு. செலவு சிரமம் என்றால் தயங்காமல் என்னை நேரில் வந்து பாருங்கள். பணத்துக்காக எந்தப் பிள்ளையும் விடுபடக்கூடாது.

ஒப்புதல் பாரத்தை வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பியுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்