பிளேஸ்டேஷன் நிர்வாகிகளுக்கு: எங்கள் பழைய டிஸ்க்குகளை ஓட விடுங்கள்

சோனி இன்டராக்டிவ் என்டர்டெயின்மென்ட் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

உங்கள் பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) கேம் பெட்டியில் முந்தைய பிஎஸ்4-இன் டிஸ்க்கைப் போட்டால் ஓடுகிறது. ஒரு சில தவிர எல்லா பிஎஸ்4 கேம்களும் ஓடுகின்றன. பல, முன்பைவிடச் சீராகவே ஓடுகின்றன. அதற்கு முதலில் நன்றி. நான் கேட்க வந்தது அதற்கும் முந்தைய கேம்களைப் பற்றி.

இதையெல்லாம் ஒரு காலத்தில் உங்களைவிட நன்றாகச் செய்தவர்கள் யாரும் இல்லை. 2000-இல் பிஎஸ்2 வந்தபோது அதற்குள் பிஎஸ்1-இன் பிராசஸரையே பொருத்தியிருந்தீர்கள். பிஎஸ்2 கேம் ஓடும்போது அந்தச் சிப் கன்ட்ரோலர், மெமரி கார்டு போன்ற வேலைகளைப் பார்த்துக்கொள்ளும். அடிப்பக்கம் கறுப்பாக இருக்குமே, அந்தப் பழைய பிஎஸ்1 டிஸ்க்கைப் போட்டால் அதுவே முன்னால் வந்து கேமை ஓட்டும். புதுப் பெட்டி வாங்கியவர் பழைய டிஸ்க்குகளைத் தூக்கிப் போட வேண்டியிருக்கவில்லை. கேமிங் வரலாற்றிலேயே மிக அழகான பொறியியல் முடிவுகளில் ஒன்று அது என்று இன்றும் நினைக்கிறேன்.

2006-இல் வந்த முதல் பிஎஸ்3 மாடல்களிலும் பிஎஸ்2-வின் முக்கியச் சிப்கள் இரண்டும் இருந்தன. ஐரோப்பாவுக்குப் போன மாடலில் ஒன்று கழன்றது. 2007 கடைசியில் வந்த 40 ஜிபி மாடலில் பிஎஸ்2 கேம்களே ஓடவில்லை. விலையைக் குறைக்க வேண்டிய நெருக்கடி அப்போது இருந்தது. அப்புறம் பிஎஸ்4 முற்றிலும் வேறு வகைப் பிராசஸருக்கு மாறியது. பிஎஸ்3-இன் செல் பிராசஸரை அதில் பாவனை செய்வது லேசான காரியமில்லை. சரி, இதுவரை நியாயம் இருக்கிறது.

ஆனால் இன்றைய நிலை வேறு. பிஎஸ்2 கேம்கள் சிலவற்றை பிஎஸ்5-க்கு டவுன்லோடாகத் தருகிறீர்கள். அவற்றை ஓட்டும் எமுலேட்டர், அதாவது பழைய பெட்டியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள், உங்களிடம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? பிஎஸ்5-இன் டிஸ்க் டிரைவ் டிவிடி படங்களைப் படிக்கிறது. பிஎஸ்2 கேம்களில் பெரும்பாலானவை டிவிடியில் வந்தவைதான். டிரைவும் இருக்கிறது, எமுலேட்டரும் இருக்கிறது. ஆனாலும் பிஎஸ்2 டிஸ்க்கைப் போட்டால் கேம் ஓடாது. பிஎஸ்1 கேம்கள் சிடியில் வந்தவை, சிடியை அந்த டிரைவ் படிப்பதே இல்லை. அதனால் அதை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். பிஎஸ்2-வுக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

உரிமச் சிக்கல் என்பீர்கள். பாட்டு, கார், விளையாட்டு வீரர்களின் பெயர் என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஒப்பந்தம் இருக்கும். சில நிறுவனங்கள் மூடப்பட்டே போயிருக்கும். ஒரு கேமை மறுபடி கடையில் வைக்க இதெல்லாம் தடைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் அலமாரியில் இருக்கும் டிஸ்க் ஏற்கெனவே விற்றாகிவிட்ட டிஸ்க். நாங்கள் கேட்பது அதைப் படிக்க ஒரு வழி மட்டும். ஒவ்வொரு கேமையும் சோதித்துப் பார்க்க ஆளில்லை என்றால், 'சோதிக்கப்படாதது' என்று ஒரு எச்சரிக்கையைக் காட்டிவிட்டு ஓட விடுங்கள். குறை இருந்தால் பொறுத்துக்கொள்வோம். மைக்ரோசாஃப்ட் 2015-லிருந்து எக்ஸ்பாக்ஸ் 360 கேம்களைப் புதிய பெட்டிகளில் ஓட்டிக் காட்டியது. அங்கேயும் பிராசஸர் வகை மாறியிருந்தது, அங்கேயும் பதிப்பாளர்களின் அனுமதி தேவைப்பட்டது. அப்படியும் பட்டியல் அறுநூறு கேம்களைத் தாண்டியது.

இந்தியாவிலிருந்து எழுதுவதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் சந்தாத் திட்டமான பிளேஸ்டேஷன் பிளஸின் பிரீமியம் வகை கிடைக்கும் நாடுகளில் பிஎஸ்3 கேம்களை ஸ்ட்ரீமிங்கிலாவது, அதாவது உங்கள் சர்வரில் ஓடுவதை இணையம் வழியாகவாவது ஆடலாம். இங்கே இருப்பது டீலக்ஸ். அதில் ஸ்ட்ரீமிங் இல்லை, அதனால் பிஎஸ்3 கேம்களும் இல்லை. உயர்ந்த சந்தாவைக் கட்டினாலும் ஒரு முழுத் தலைமுறை எங்களுக்குக் காணாமல் போகிறது. ஆர்பிசிஎஸ்3 என்ற எமுலேட்டரைத் தன்னார்வலர்கள் 2011-லிருந்து தாங்களாகவே எழுதி, ஏராளமான பிஎஸ்3 கேம்களைச் சாதாரணக் கம்ப்யூட்டரில் ஓட வைத்துவிட்டார்கள். பிஎஸ்3-ஐ வடிவமைத்த நீங்கள் மனம் வைத்தால் முடியாதா?

2009-இல் பிஎஸ்2-வுக்கு 'ஹனுமான்: பாய் வாரியர்', 'தேசி அட்டா' என்று இரண்டு இந்திய கேம்களை நீங்களே வெளியிட்டீர்கள். இரண்டும் ஹைதராபாத்தில் உருவானவை. கபடியும் கிட்டிப்புள்ளும் பட்டம் விடுவதும் பிளேஸ்டேஷன் திரைக்கு வந்தது 'தேசி அட்டா'வில்தான். இந்திய கேம் துறை நடை பழகிய காலத்துச் சான்றுகள் அவை. இன்று அந்த டிஸ்க்கை ஓட்ட ஒரு பழைய பிஎஸ்2-வைத் தேடிப் பிடிக்க வேண்டும். அந்தப் பெட்டியின் உற்பத்தி நின்றே பத்தாண்டுக்கு மேலாகிறது. லென்ஸ் தேய்ந்தவை ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டிருக்கின்றன. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இப்போது கடையில் கிடைப்பதில்லை என்று பழைய கேம்களைப் பாதுகாக்கும் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023-இல் சொன்னது. அப்படியிருக்க, வாங்கி வைத்திருக்கும் டிஸ்க்தான் பல கேம்களுக்கு மிச்சமிருக்கும் ஒரே வழி.

2021-இல் பிஎஸ்3-க்கும் கையடக்கப் பெட்டியான வீட்டாவுக்குமான ஆன்லைன் ஸ்டோர்களை மூடப் போவதாக அறிவித்தீர்கள். ரசிகர்கள் கேட்டுக்கொண்டதும் அந்த முடிவைத் திரும்பப் பெற்றீர்கள். எங்கள் பேச்சு உங்கள் காதில் விழும் என்ற நம்பிக்கை அதனால்தான் இருக்கிறது. பிஎஸ்5-க்கு வரும் ஏதாவது ஒரு சிஸ்டம் அப்டேட்டில் பிஎஸ்2 டிவிடிகளைப் படிக்கும் வசதியைச் சோதனைக்காவது திறந்துவிடுங்கள். ஸ்ட்ரீமிங் இல்லாத நாடுகளுக்கு, பெட்டியிலேயே ஓடும் பிஎஸ்3 கேம்களைக் கொடுங்கள். பிஎஸ்5 புரோவில் டிஸ்க் டிரைவைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டியதாகிவிட்டது. அடுத்த பெட்டியில் டிரைவுக்கு இடம் உண்டா என்பதை இப்போதே வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சென்னையிலிருந்து ஒரு பிளேஸ்டேஷன் ரசிகன்