கீழ்க்கடை அண்ணனுக்கும் மற்ற எல்லாருக்கும்

இதை நான் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன். இத்தனை மாதம் கூட இருந்தவர்களுக்கு அது ஒன்றே போதும், மற்றதெல்லாம் தெரியும்.

முதுகில் தண்டுவட நீர் (மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் நீர்) கசிந்து, நிமிர்ந்தால் தலைவலி, படுத்தால் போய்விடும் என்று கிடந்த எனக்குப் போட்ட ஊசி வேலை செய்துவிட்டது. என் கையிலிருந்தே இரத்தம் எடுத்து, ஏறக்குறைய 20 மில்லி, முதுகில் செலுத்தினார்கள். அது உறைந்து, தண்டுவட நீர் கசியும் ஓட்டையை அடைக்கிறது. 1960இல் கார்ம்லி என்ற அமெரிக்க மருத்துவர் தொடங்கிவைத்த வைத்தியமாம். அவருக்கும் ஒரு கும்பிடு.

ஆனால் பெரிய கும்பிடு பினாங்கில் எங்கள் ஜெலுத்தோங் பிளாட்டுக்குக் கீழே கோப்பிக்கடை வைத்திருக்கும் அண்ணனுக்குத்தான். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் படுத்திருந்த என்னைத்தான் பார்த்தார்கள். படுத்திருக்கும்போது நான் நன்றாகத்தானே இருப்பேன்! "கொஞ்சம் எழுந்து நடமாடும்மா, சரியாயிடும்" என்றார்கள். யார் மீதும் கோபமில்லை. (இருந்தது. இப்போது இல்லை.)

அண்ணன் மட்டும் அப்படிச் சொல்லவே இல்லை. அவர் மனைவிக்குப் பிரசவத்தின்போது முதுகில் போட்ட ஊசியால் இதே தலைவலி வந்திருக்கிறது. அவருக்கு ஊசி போட்ட துளை, எனக்குத் தானாக விழுந்த கிழிசல், வலி ஒன்றுதான். கோப்பி குடித்தால் கொஞ்சம் தாங்கும் என்று அப்போது டாக்டர் சொன்னதை அண்ணன் மறக்கவில்லை. படுத்தபடி கிளாஸில் குடிக்க முடியாது என்பதும் அவருக்குத் தெரியும். அதனால் காலையில் கோப்பி ஓவை (பால் சேர்க்காத கோப்பி) நன்றாக ஆற்றி, பிளாஸ்டிக் பையில் ஊற்றி, கயிறு கட்டி, ஸ்ட்ரா செருகி, கடைப்பையனிடம் மேலே கொடுத்தனுப்புவார். நான் கேட்டதே இல்லை. தலையைத் தூக்காமல், ஒரு சொட்டுச் சிந்தாமல் குடிப்பேன். கோப்பி ஓட்டையை அடைக்காது, தலைவலியோடு வந்த காது அடைப்பும் போகாது. ஆனாலும் எழுந்து பல் தேய்த்து, குளித்துவிட்டு வரும்வரை தாங்கும். அன்றைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று படுத்தே கிடந்தவர்களுக்குத்தான் புரியும்.

எம்ஆர்ஐ எடுக்கப் போனபோது நாற்காலியில் உட்காரவைக்காமல் படுக்கை தேடித் தந்த தாதி, பின் சீட்டில் என்னைப் படுக்கவிட்டு மேடுகளில் ஊர்ந்து போன கிராப் ஓட்டுநர், என் வகுப்புகளைப் பங்குபோட்டுக்கொண்ட டீச்சர்கள், ரசம் வைத்துக் கொடுத்தனுப்பிய அத்தை, துணி மடித்துவைத்த பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி, எல்லாருக்கும் நன்றி. தனித்தனியாக எழுதக் கழுத்து இன்னும் இடம் தரவில்லை.

தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளை நான் ஏறுவதாக அம்மா வேண்டிக்கொண்டாராம். 500க்கும் மேற்பட்ட படிகள்! குனியக்கூடாது, தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், முருகன் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும். என் சொந்த வேண்டுதல் வேறு. நிமிர்ந்தால் தலை வலிக்கிறது, படுத்தால் போய்விடுகிறது என்று இனி யார் சொன்னாலும், டாக்டரிடம் முதலில் இதையே சொல்லுங்கள் என்று பிடித்துத் தள்ளிவிடப் போகிறேன்.

அப்புறம், அண்ணன் கோப்பிக்குக் காசு வாங்க மறுக்கிறார். கடைப்பக்கம் போகிறவர்கள் யாராவது அவர் மனைவியிடம் கணக்கைக் கேட்டு எனக்குச் சொல்லுங்கள்.